வீட்டுக் கடன் தவணை உதவி: வங்கியின் திட்டமும் ஏகேபிகேயும் – ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் தடுமாறும் குடும்பம் நாடக்கூடிய முறையான வழிகள் இரண்டு. ஒன்று, கடன் கொடுத்த வங்கியே நடத்தும் தவணை உதவித் திட்டம். மற்றொன்று, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் நிறுவிய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம். செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் என் வீடு உட்படப் பல வீடுகள் இவற்றில் ஏதேனும் ஒன்றின் உதவியைப் பெற்றுள்ளன. நான் கணக்கர் என்பதால், அக்கம்பக்கத்தாருக்கு வரும் வங்கிக் கடிதங்களையும் தவணை அட்டவணைகளையும் படித்து விளக்கும் பொறுப்பும் அடிக்கடி என்னிடம் வந்து சேர்கிறது. ஆகவே, முகப்பில் கிடைத்த மரியாதையையும் காத்திருந்த நேரத்தையும் மட்டும் வைத்து நான் மதிப்பிடப் போவதில்லை. இந்தத் திட்டங்கள் யாருக்கு உதவுகின்றன, யாரை விலக்குகின்றன, உதவியின் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது, மாதந்தவறாமல் கட்டி வருபவருக்கு இதில் அநீதி நேர்கிறதா என்பவைதான் என் கேள்விகள். அந்தக் கேள்விகளுக்கு ஏகேபிகே பெரும்பாலும் நல்ல பதில் தருகிறது. வங்கியின் திட்டம், அதனால் என் குடும்பமே பயனடைந்திருந்தும், அவ்வாறு தரவில்லை.

முதலில் வங்கியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டியதில்லை. 2022 மே மாதத்துக்கும் 2023 மே மாதத்துக்கும் இடையில் பேங்க் நெகாரா ஓபிஆர் என்னும் அடிப்படை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 3 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. முப்பது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 300,000 ரிங்கிட் கடனுக்கு வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 4.25 விழுக்காட்டுக்கு ஏறினால், மாதத் தவணை ஏறத்தாழ 210 ரிங்கிட் கூடும். அந்த ஏற்றத்தைச் செலவைச் சுருக்கிச் சமாளித்துக்கொண்டிருந்த வேளையில், என் மனைவி வேலை செய்த அச்சகம் மூடப்பட்டது. இருவர் சம்பளத்தை நம்பி எடுத்த கடனை ஒருவர் சம்பளத்தில் கட்ட வேண்டிய நிலை. ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்பே வங்கியை அழைத்து, நிலைமையை விளக்கி, சில மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

எதிர்முனையில் பேசிய பெண் பணிவாகத்தான் பேசினார். தமிழில் பேசலாமா என்று அவரே கேட்டார்; அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் சொன்ன பதில் இதுதான்: "உங்க கணக்குல நிலுவையே இல்லையே சார். தவணை தவறினாத்தான் உங்க கோப்பு எங்க பிரிவுக்கு வரும். இப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியாது." அதாவது, உதவி வேண்டுமென்றால் முதலில் கட்டுவதை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டே, கிளைக்கும் தலைமையகத்துக்கும் மாறி மாறி எழுதி, இறுதியில் ஓராண்டுக்கு வட்டியை மட்டும் கட்டும் ஏற்பாட்டைப் பெற்றேன். கிடைத்த உதவி உண்மையானது. அந்த ஓராண்டில்தான் என் மனைவிக்கு வேறு வேலை அமைந்தது. ஆனால் அந்த முதல் பதிலை ஓர் ஊழியரின் தவறாக நான் கருதவில்லை. அது திட்டத்தின் விதியிலேயே உள்ள கோளாறு; அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடனாளிக்குச் சலுகை காட்டினால், கட்டாவிட்டாலும் யாராவது காப்பாற்றுவார்கள் என்ற துணிச்சல் மற்றவர்களுக்கும் வந்துவிடும் என்று வங்கிகள் அஞ்சுகின்றன. பொருளியலில் இதை மாரல் ஹசார்ட் என்பார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் 2008 அக்டோபரில் கன்ட்ரிவைட் என்ற வீட்டுக் கடன் நிறுவனம், ஏமாற்றிக் கடன் கொடுத்ததாகப் பல மாநிலங்கள் தொடுத்த வழக்குகளை முடித்துக்கொள்ள, தவணை தவறிய வாடிக்கையாளர்களுக்குக் கடன் நிபந்தனைகளைத் தளர்த்த ஒப்புக்கொண்டது. குறைந்தது 60 நாள் நிலுவை இருப்பவருக்கே அந்தச் சலுகை என்பது செய்திகளில் வெளியானதும், அதுவரை ஒழுங்காகக் கட்டி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கட்டுவதை நிறுத்தியதை ஆய்வாளர்கள் பின்னர் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். அவர்களில் பலர் வேறு கடன்களை முறையாக அடைக்கும் அளவுக்கு வசதி உள்ளவர்கள்.

இந்த ஆய்வை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, உதவி செய்தால் இதுதான் நடக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. மனிதர்களைக் கெடுத்தது உதவியன்று. நிலுவை வைத்திருந்தால்தான் உதவி என்ற நிபந்தனை. அதே நாட்டில் 2009-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த ஹேம்ப் என்னும் வீட்டுக் கடன் தவணைக் குறைப்புத் திட்டம் இந்த இடத்தில் தெளிவாகச் சிந்தித்திருந்தது. தவணை தவறும் நிலையை நெருங்கிவிட்டவரும் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்ததற்கு எழுத்துமூல உறுதிமொழி தர வேண்டும். குறைக்கப்பட்ட தவணை மொத்த மாத வருமானத்தில் 31 விழுக்காடாக அமையும். நிரந்தர ஒப்பந்தத்துக்கு முன் மூன்று மாதம் சோதனையாகக் கட்டிக் காட்ட வேண்டும். கட்டும் எண்ணம் உள்ளவரை இல்லாதவரிடமிருந்து பிரித்தறிய அது நல்ல வழி. முப்பது, நாற்பது இலட்சம் குடும்பங்கள் என்ற அதன் இலக்கு எட்டப்படவில்லை. அனுப்பிய ஆவணங்களையே மீண்டும் மீண்டும் கேட்டு மக்களை அலைக்கழித்த கடன் வசூல் நிறுவனங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் விதி சரியாக எழுதப்பட்டிருந்தது. என் வங்கியோ கன்ட்ரிவைட்டின் விதியை அல்லவா இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறது! மாரல் ஹசார்டைத் தடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டு, நாணயமாகக் கட்டுபவரிடமே கட்டுவதை நிறுத்திவிட்டு வரச் சொல்வதை வேறு எப்படிச் சொல்வது?

அடுத்தது விலை. தவணை உதவி இலவசமாகக் கிடைக்கும் தானம் என்றே பலர் நினைக்கிறார்கள், கொடுப்பவரும் பெறுபவரும் வெளியிலிருந்து பார்ப்பவரும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முப்பது ஆண்டுகள் மீதமுள்ள 300,000 ரிங்கிட் கடனுக்கு 4 விழுக்காடு வட்டி என்றால், மாதத் தவணை 1,432 ரிங்கிட். ஆறு மாதம் எதுவும் கட்டாமல் விட்டால், ஏறும் வட்டியும் அசலில் சேர்ந்து கடன் ஏறத்தாழ 306,050 ரிங்கிட்டாக வளரும். அதன்பின் பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால், 360 தவணைகளுக்குப் பதிலாக 374 தவணைகளுக்குச் சற்று மேல் கட்ட வேண்டும். முன்பு கட்டியிருக்க வேண்டிய மொத்தத்தைவிட இது சுமார் 20,500 ரிங்கிட் அதிகம். மாறாக, கடன் முடியும் தேதியை மாற்றாமல் தவணையை மாதம் 42 ரிங்கிட் மட்டும் கூட்டிக்கொண்டால், கூடுதல் செலவு சுமார் 6,200 ரிங்கிட்டோடு நின்றுவிடும். ஒரே உதவி, ஒரே குடும்பம், இரண்டு வழிகளுக்கும் நடுவில் 14,000 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். எனக்கு வந்த கடிதத்தில் புதிய தவணைத் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. கடன் முடியும் புதிய தேதி அடியில் ஒரு வரியில் இருந்தது. மொத்தம் எவ்வளவு கூடும் என்பது எங்கும் இல்லை. இரண்டாவது வழி இருப்பதை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

நேர்மையைப் பற்றிய விவாதத்தில் இந்தக் கணக்குக்கு மையமான இடம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் சலுகைக்கு நாம் பணம் கட்டுகிறோம் என்ற மனக்குறை, வட்டி தள்ளுபடி செய்யப்படும்போது பொருந்தும். தவணையைத் தள்ளிப்போடும்போது பொருந்தாது. அந்தச் சலுகைக்கான விலையை அதைப் பெற்றவரே, வட்டியோடு, பல ஆண்டுகள் கழித்துக் கட்டுகிறார்.

இந்த வேறுபாட்டை நம் நாட்டின் அண்மைக்கால அனுபவமே காட்டுகிறது. கோவிட் தொற்றைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த சில நாட்களில் பேங்க் நெகாரா அறிவித்த மொராட்டோரியம் என்னும் தவணை ஒத்திவைப்பு, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்கு எல்லாத் தனிநபர் வீட்டுக் கடன்களுக்கும் தானாகவே கிடைத்தது. சம்பளம் குறையாத அரசு ஊழியருக்கும் கிடைத்தது. கடையை இழுத்து மூடிய முடிதிருத்துநருக்கும் கிடைத்தது. ஏப்ரல் 1 அன்று 90 நாளுக்கு மேல் நிலுவை வைத்திருந்தவருக்கு மட்டும் தானாகக் கிடைக்கவில்லை. நாடே முடங்கிக் கிடந்தபோது ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான். அக்டோபரிலிருந்து உதவி குறிவைத்து வழங்கப்பட்டது: 2020-இல் வேலை இழந்தவருக்கு மேலும் மூன்று மாதம், சம்பளம் வெட்டப்பட்டவருக்கு அந்த அளவுக்குத் தவணைக் குறைப்பு. 2021 ஜூலையில் பெமுலே என்னும் அரசின் மீட்புத் திட்டத்தில் மீண்டும் ஆறு மாதம் எல்லாருக்கும் வாய்த்தது. விண்ணப்பித்தால் போதும், ஆவணம் எதுவும் வேண்டாம். தேவையே இல்லாதவர்களும் விண்ணப்பித்ததை என் சொந்தக்காரர்களிடமே கண்டேன். கையில் வந்த பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டவரும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, விதி அனுமதித்ததையே செய்தார்கள். ஆனால் அந்த விதியைவிட 2020 அக்டோபர் விதி நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

வட்டியையே தள்ளுபடி செய்த திட்டம் 2021 இறுதியில் வந்த உருஸ். குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 5,880 ரிங்கிட்டுக்கு மேற்படாத, பி50 எனப்படும் கீழ்ப்பாதி வருமானப் பிரிவினராக இருக்க வேண்டும். வேலை இழந்திருக்க வேண்டும் அல்லது வருமானம் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே வங்கியின் உதவித் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். தகுதி பெற்றவருக்கு மூன்று மாத வட்டி தள்ளுபடி. வேண்டுமானால் அதோடு 24 மாதம் வரை தவணைக் குறைப்பும் உண்டு. ஏகேபிகே ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிதித் திட்டம் வகுத்தது. இங்கே பிறர் பணம் உண்மையாகவே கைமாறுகிறது. அதனால் நிபந்தனை இறுக்கமாக இருந்தது. தள்ளிப்போடுவதற்கு எளிய நிபந்தனை, தள்ளுபடிக்குக் கடுமையான நிபந்தனை என்ற இந்தப் பாகுபாட்டை வங்கிகள் சாதாரணக் காலத்திலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒழுங்காகக் கட்டியவரின் மனக்குறையை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மாடியில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்திலும் அதற்குப் பின்னரும், ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து வீட்டுக் கடனுக்கென்று எடுத்தும், தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்தும், கடனை நிலுவையில்லாமல் வைத்திருந்தார். எனக்குக் கிடைத்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டதும் அவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "வாயக் கட்டி வயித்தக் கட்டி நான் மாசாமாசம் கட்டினேனே தம்பி, என்னை யாரு கூப்பிட்டுப் பேசினா?" பொறாமையில் எழுந்த கேள்வி இல்லை அது. ஓய்வுக்காலப் பணத்தைக் கரைத்துவிட்ட ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி, உதவிக்கான தகுதி தமக்கும் இருந்தது என்பதை அப்போதுதான் அறிகிறார். அவருக்கு நேர்ந்த அநீதிக்குக் காரணம் எனக்குக் கிடைத்த சலுகையன்று. அவருக்கும் அது உண்டு என்று வங்கி தெரிவிக்காததே. அதனால், உதவியைச் சுருக்குங்கள் என்று நான் வாதிட மாட்டேன். நிலுவை இல்லாத வாடிக்கையாளருக்கும் இத்திட்டத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்தில் தெரிவியுங்கள் என்றே வங்கியிடம் கேட்பேன்.

கட்டாமல் ஏமாற்றும் துணிச்சல் இங்கே எந்த அளவுக்குப் பரவக்கூடும் என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டால், பெரும்பாலும் மீதிக் கடனுக்காகக் கடனாளியைத் தொடர முடியாது. மலேசியாவில் அப்படியில்லை. தேசிய நிலச் சட்டத்தின்படி 16டி படிவத்தில் அறிவிப்பு வரும், பிறகு விற்பனை ஆணை, பிறகு லெலோங் எனப்படும் பொது ஏலம். முதல் ஏலத்தில் வாங்க ஆளில்லையென்றால், வழக்கமாக ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கு விலை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலை, பத்து விழுக்காடு குறையும். 350,000 ரிங்கிட்டில் தொடங்கும் வீடு மூன்றாம் சுற்றில் 283,500 ரிங்கிட்டுக்கு வந்துவிடும். கடன் 300,000 ரிங்கிட் என்றால், வீடும் போய், மீதிக் கடனும் வழக்குச் செலவும் கடனாளியின் பெயரிலேயே நிற்கும். நிலுவை 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் வழக்கும் தொடுக்கலாம். இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் வாழும் ஒருவர் வேண்டுமென்றே வீட்டுக் கடனைக் கட்டாமல் விடுவது அரிது. அமெரிக்க அனுபவத்திலிருந்து விதியமைப்பின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள அச்சத்தை அதே அளவில் இங்கே கொண்டுவருவது பொருந்தாது. அதோடு, ஏலத்துக்குப் போன வீட்டின் சுமை அந்தக் குடும்பத்தோடு முடிவதுமில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஏலத்துக்குப் போன வீடு ஒன்றின் பராமரிப்புக் கட்டணம் நெடுங்காலம் வராமல் இருந்தது; மின்தூக்கியைப் பழுதுபார்க்கப் பணம் பற்றாமல், மூட்டுவலிக்காரப் பாட்டிகள் படியேறினார்கள். மாதந்தவறாமல் கட்டணம் கட்டியவர்களும் அதில் சேர்த்தி.

இனி ஏகேபிகே. என் கடனை ஒழுங்குசெய்த பின், பல கடன்களில் சிக்கியிருந்த என் தம்பியோடு அங்கே சென்றேன். சேவைக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசகர் வீட்டுக் கடனை மட்டும் தனியே பார்க்காமல், கார் கடன், கடன் அட்டை, தனிநபர் கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வருமானத்திலிருந்து வீட்டுச் செலவைக் கழித்து, மிஞ்சுவதை எந்தக் கடனுக்கு எவ்வளவு பிரிப்பது என்று தம்பி கண்முன்னே கணக்கிட்டார். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைத் தம்பி சொல்ல மறந்தபோது, அவரே நினைவுபடுத்திச் சேர்த்தார். குறைத்துக் காட்டிய செலவில் வகுத்த திட்டம் நாலே மாதத்தில் முறிந்துவிடும் என்று அவர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. அங்குள்ள கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்தால், அது முடியும்வரை புதுக் கடன் வாங்குவதை மறந்துவிட வேண்டியதுதான். வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவிலும் அது தெரியும். உதவியைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவரைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான விலை இல்லை. உண்மையில் தவிப்பவருக்கு இது பாரமில்லை, விளையாட நினைப்பவருக்கோ பாரம்.

ஏகேபிகேயிலும் குறை உண்டு. வீட்டுச் செலவு போக ஏதாவது மிஞ்சினால்தான் அந்தத் திட்டத்தில் சேர முடியும். வருமானமே அற்றுப்போனவருக்கு ஆலோசனை கிடைக்கும், ஏற்பாடு கிடைக்காது. கணக்கு முறைப்படி அது சரி. இல்லாத பணத்தைப் பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் மிக மோசமாக விழுந்தவர் மீண்டும் வங்கியின் வாசலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் இரு இடத்துக்கும் பொதுவானது: ஆதாரம். மாதச் சம்பளக்காரர் பணிநீக்கக் கடிதத்தையும் சேமநிதிக் கணக்கறிக்கையையும் நீட்டினால் காரியம் முடிந்தது. சிற்றுண்டிச் சாலை அக்கா, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அப்பம் சுடுபவர், மின்னழைப்புக் கார் ஓட்டுபவர் போன்றோர் வருமானம் பாதியாகக் குறைந்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? பொய் சொல்பவரை வடிகட்டத்தான் ஆதாரம் கேட்கிறார்கள். அந்த வடிகட்டியில் உண்மை சொல்லும் ஏழையும் நின்றுவிடுகிறார். அன்றாட வரவை வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஆறு மாத வங்கி அறிக்கை ஓரளவு உதவும். அப்பழக்கம் இல்லாதவர்களுக்கு, வருமானவரி அறிக்கையும் சரக்கு வாங்கிய ரசீதுகளும்கூட ஏற்கப்பட வேண்டும். அக்காவுக்காக அவற்றைத் தொகுத்து வங்கியிடம் கொடுத்தபோது, முதலில் மறுத்தார்கள். ரசீதுகளின் மாதவாரிக் கூட்டலை ஒரு தாளில் நான் தட்டச்சு செய்து கொடுத்த பிறகு, கோப்பைத் திறந்தார்கள்.

வங்கியின் திட்டத்தை நாட இருப்பவர்களுக்கு நான் சொல்வது: அழைப்போடு நிற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், வருமானம் குறைந்த மாதத்தையும் இன்னும் நிலுவை இல்லை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள், பதில் வராவிட்டால் அதே கடிதத்தோடு பேங்க் நெகாராவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவான பிஎன்எம்லிங்கை நாடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், முடிவுத் தேதியை நீட்டினால் மொத்தச் செலவு எவ்வளவு, நீட்டாமல் தவணையைக் கூட்டினால் எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் அதிகாரியின் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடனுக்கு ஜாமீன் நின்றவர் இருந்தால், புதிய ஒப்பந்தத்தில் அவரும் மீண்டும் கையெழுத்திட வேண்டிவரலாம். என் கடனுக்கு ஜாமீன் நின்றவர் பினாங்கில் இருக்கும் என் அண்ணன்; அவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி வங்கியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எல்லாம் முடிவான பிறகும் அவருடைய கையெழுத்துக்காக மேலும் ஒரு முழுத் தவணையை நான் கட்ட வேண்டியிருந்தது.